கொத்து நானா கண்டியில் இறக்கிய பதினாறு கிலோ

கொத்து நானா! இதை நீங்கள் மட்டும் படித்தால், "என்ன புள்ள, என்ட வெயிட்ட பேப்பர்ல போட்டுட்டியா?" என்று சண்டைக்கு வருவீர்கள். வாருங்கள். அந்தச் சண்டைக்காகவே எழுதுகிறேன்.

கண்டியில் காசு கொடுக்காமல் ஏறக்கூடிய படி, நடக்கக்கூடிய ரோட்டு, தூக்கக்கூடிய மூட்டை என்று என்னவெல்லாம் இருக்கிறதோ, அத்தனையையும் ஏறி, நடந்து, தூக்கி முடித்த ஒரே மனிதர் எங்கள் நானாதான். கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட அப்படிச் செய்ததில்லை. அவர்களுக்கு அந்த அவசரம் இருந்ததுமில்லை.

நானா என்றால் என் கூடப்பிறந்த அண்ணன். புத்தளத்தில் ஒரு ஹோட்டலில் கொத்து ரொட்டி போடுகிறவர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஊரில் யாருக்கும் அது ஞாபகம் இல்லை. கலியாணக் கார்டுகூட "ஜனாப் கொத்து நானா குடும்பத்தினர்" என்று எழுதித்தான் வீட்டுக்கு வரும்.

கொத்துப் போடுவது நின்ற இடத்தில் நிற்கிற தொழில். சூடான தாச்சிக்கு முன்னால் நின்றால் இரண்டு கையும் தகட்டோடு குதிரை மாதிரி ஓடும். கால் அசையாது. வாய் மட்டும் அசையும், ஏனென்றால் ஒவ்வொரு கொத்திலும் ஒரு விரல் எடுத்து உப்புப் பார்க்க வேண்டும். பத்து வருஷமாக உப்புப் பார்த்ததில் நானா நூற்றி நாலு கிலோவுக்கு வந்திருந்தார். அது எங்களுக்கு ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை. மாறாக, வீட்டில் ஒரு ஆள் இருக்கிறார் என்ற தைரியம்தான்.

எனக்கு எட்டாம் வகுப்பில் கால் வீங்கத் தொடங்கியது. அதோடு பள்ளிக்கூடம் போனது. பத்தொன்பது வயதில் இரண்டு கிட்னியும் போயின. உம்மாவும் நானாவும் என்னைக் கூட்டிக்கொண்டு கண்டிக்கு வந்தார்கள். கிழமைக்கு மூன்று நாள், கை நரம்பில் ஊசி ஏற்றி, இரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினில் படுத்திருப்பேன். நானாவுடைய கிட்னி எனக்குப் பொருந்துமா என்று மாதக்கணக்கில் பரிசோதனைகள் நடந்தன.

ஒருநாள் டொக்டர் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துப் பெண். சிரிக்காமல் பேசுவார்.

"ஓம் தம்பி, எல்லா டெஸ்டும் சரி. உங்கட கிட்னி தங்கச்சிக்கு நல்லாப் பொருந்துது."

நானா எழுந்தே விட்டார். "அப்ப நாளைக்கே எடுங்க டொக்டர். நான் காலயில ஒண்டும் சாப்பிடாம வாறேன்."

"இருங்கோ. உங்கள வெட்ட ஏலாது. இந்த நிறையோட வெட்டினா உங்களுக்குத்தான் ஆபத்து. மூண்டு மாசம் தாறன். தொண்ணூறு கிலோவுக்கு வாங்கோ. தங்கச்சியின்ர கை நரம்பும் கனகாலம் தாங்காது. விளங்குதோ?"

"விளங்குது. ஊருக்குப் போய் குறைச்சிட்டு வாறேன்."

உம்மா குறுக்கே விழுந்தார். "ஊருக்குப் போனா இவன் நூத்திப் பத்தாத்தான் வருவான். இஞ்சயே கிடக்கட்டும்!"

அப்படித்தான் நானா மூன்று மாதம் கண்டியில் தங்கினார். மலை மேல் ஒரு வீட்டில் ஒற்றை அறை. ரோட்டிலிருந்து நூற்றி இருபத்தெட்டுப் படி. முதல் நாள் ஏறும்போது நானா எழுபதாவது படியில் உட்கார்ந்து, "உம்மா, என்னை இஞ்சயே அடக்கிடுங்க," என்றார்.

மறுநாள் டவுனில் ஒரு ஜிம்மை விசாரித்தோம். கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, முழுச் சுவருக்கும் கண்ணாடி. அங்கிருந்த பிள்ளை மாதக் கட்டணம் சொன்னது. நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். ஒருவன் இரும்பைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"இந்த ஆளுக்கு எவ்வளவு குடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

"அவர்தான் எங்களுக்குக் குடுக்கிறார்."

"பாரம் தூக்குறவனுக்குத்தானே கூலி? எந்த ஊர்லயும் தூக்குறவன் காசு குடுக்கிறல்ல புள்ள. ஆரோ ஒங்கள ஏமாத்தியிருக்காங்க," என்று அந்தப் பிள்ளைக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வெளியே வந்தார். வாசலில் நின்று நாலாபக்கமும் மலையைப் பார்த்தார். "இவ்வளவு மலையையும் அல்லா சும்மா போட்டு வச்சிருக்கான். உள்ளுக்குப் போய் இரும்புத் தூக்கணுமாம்!"

அன்றிலிருந்து முழுக் கண்டியும் நானாவுடைய ஜிம்.

முதலில் வாவி. விடியற்காலையில் கண்டி வாவியைச் சுற்றி நடப்பவர்கள் எல்லாம் நல்ல சப்பாத்து, நல்ல காற்சட்டை. நானா சாரமும் இறப்பர் செருப்பும். நான் வாவிக் கரையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து, ஒரு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வைக்க வேண்டும். நானாவுக்கு எண்ணுவது சரிவராது. ஆனால் தாளம் வரும். "டக்கட டக், டக்கட டக்" என்று வாயால் கொத்துப் போட்டுக்கொண்டே நடப்பார். கொத்து வேகமானால் கால் வேகமாகும். இரண்டு கையும் இல்லாத தகட்டை வீசும். முன்னால் போகிறவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். ஒரு பென்ஷன்காரர் என்னிடம் வந்து இரகசியமாக, "இவருக்கு மருந்து எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். எடுக்கிறோம், ஆனால் எனக்கு, என்றேன்.

வாவிக் கரையில் சில மரங்கள் உண்டு. அதில் இருக்கிற நீர்க்காகங்கள் கீழே போகிற யாரையும் தலையில் எச்சமிடாமல் விடுவதில்லை. தெரிந்தவர்கள் குடை பிடித்துப் போவார்கள். நானா குடை வேண்டாம் என்றார். "அந்த மரத்துக்குக் கீழ எவனும் நடக்க மாட்டான், ஓடத்தான் செய்வான். சும்மா கிடைச்ச பயிற்சி மாஸ்டர் புள்ள அது." ஒவ்வொரு சுற்றிலும் அந்த இருபது மீற்றரை மட்டும் நூறு கிலோ உடம்போடு அவர் ஓடி வருவதைப் பார்க்க, வாவியில் கிடக்கிற கபரகொய்யா உடும்புகளே தலையைத் தூக்கும்.

பிறகு பஸ். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்கார மாட்டார். வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்து உடம்பை நிறுத்துவதும் ஒரு பயிற்சி என்பது அவருடைய கண்டுபிடிப்பு. வெறும் பஸ்ஸில் ஒரு பெரிய உடம்பு நடுவில் நின்றால் கொண்டக்டர் எப்படிப் போவான்? "வாடிவென்ன மல்லி, வாடிவென்ன," என்று அவன் சீட்டைக் காட்டிக் கெஞ்சுவான். நானா சிங்களத்திலேயே "எப்பா, எப்பா" என்று மறுப்பார். ஒருநாள் பக்கத்துச் சீட்டில் இருந்த ஒரு அம்மா நானாவை இரக்கமாகப் பார்த்து, என் காதில், "மூலமா மகள்? ஒரு நல்ல எண்ணெய் இருக்கு," என்றார். நான் சிரித்ததில் மாஸ்க் கழன்றது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பேராதனைப் பூந்தோட்டத்தில் அவர் செய்ததைச் சொல்லாவிட்டால் பாவம். உள்ளே நல்ல நடைபாதை இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். வாசலில் டிக்கெட் என்றார்கள். நானா யோசித்தார். "டிக்கெட் எடுத்தா உள்ளுக்குத்தான் நடக்க ஏலும். எடுக்காட்டி வெளியால சுத்தி நடக்கலாம். வெளிவட்டம்தானே பெரிசு? டிக்கெட் எடுக்கிறவனுக்குத்தான் நட்டம்!" இந்தக் கணக்கில் உம்மாவே மயங்கிவிட்டார். எங்கள் இருவரையும் ஒரு கடை வாசலில் இருத்திவிட்டு, டக்கட டக் என்று போனவர் இரண்டு மணித்தியாலம் கழித்து முழங்கால் வரை சேற்றோடு வந்தார். முகத்தில் பயங்கரக் கோபம்.

"என்ன நானா?"

"ஆறு."

"என்ன ஆறு?"

"மூணு பக்கமும் ஆறு புள்ள! அந்தப் பக்கமாப் போனாலும் ஆறு, இந்தப் பக்கமாப் போனாலும் அதே ஆறு. மகாவலியக் கொண்டாந்து வேலி அடிச்சு வச்சிருக்கானுங்க!"

அடுத்தது சந்தை. ஜிம்மில் கேட்ட கேள்வி அவர் மனதை விட்டுப் போகவில்லை. பாரம் தூக்க வேண்டும், காசு கொடுக்கக் கூடாது. ஒருநாள் மரக்கறி லொறியிலிருந்து கிழங்கு மூட்டை இறக்குகிற இடத்தில் போய், தானாக ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்து மேல் மாடிக்கு நடந்துவிட்டார். மூட்டை தூக்கும் நாட்டாமிமார் நாலு பேர் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"யோவ், யாருய்யா நீ? எங்க பொழப்புல கைய வைக்கிற?"

"எனக்குக் கூலி வேணாம் அண்ணன். எனக்குப் படி மட்டும் போதும்."

"படியா?"

"இந்தப் படிய மூட்டையோட ஏறி எறங்கணும். மூட்டை ஒங்கட, கூலி ஒங்கட, வேர்வை என்ட."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர், "பைத்தியம்னாலும் நல்ல பைத்தியமாத்தான் இருக்கு. ஏறட்டும் விடுங்கடா," என்றார். அதற்குப் பிறகு கிழமைக்கு மூன்று நாள், நான் மெஷினில் படுத்திருக்கிற நாலு மணித்தியாலமும், நானா சந்தைப் படியில் கிழங்கோடு ஏறி இறங்கினார். என்னைக் கூட்டிப்போக வரும்போது கழுத்தில் கிழங்கு மண் இருக்கும். "முடிஞ்சுதா புள்ள? எனக்கும் முடிஞ்சுது," என்பார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் வேலை முடித்து வருகிற மாதிரி.

எல்லாவற்றையும் வென்ற நானாவை ஒன்றுதான் தோற்கடிக்கப் பார்த்தது. மாலை ஆனால் டவுன் ஹோட்டல்களில் கொத்துச் சத்தம் தொடங்கிவிடும். மலைக்குத் திரும்புகிற வழியில் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு நடப்பார். ஒருநாள் விரலை எடுத்துவிட்டுப் பல்லைக் கடித்தார்.

"பசிக்குதா நானா?"

"பசி இல்ல. அவன்ட தாளம் பிழை. கேட்டுட்டு எப்பிடிப் போற?"

உள்ளே போகாமல் இழுத்துக்கொண்டு வர நானும் உம்மாவும் சேர்ந்தும் போதவில்லை. மூன்றாவதாக ஒரு பொலிஸ்காரரும் தேவைப்பட்டார்.

இனித்தான் தராசு அண்ணன் வருகிறார். குட்ஷெட் பஸ் நிலையத்தின் ஓரத்தில், ஒரு அட்டைப் பெட்டியை விரித்து, அதன் மேல் குளியலறைத் தராசு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். ஒரு கால் சரியில்லை. போகிற வருகிறவர்கள் ஏறி நிறை பார்த்துவிட்டுச் சில்லறை கொடுத்துப் போவார்கள். ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்கிற நாளில்தான் நிறுப்பார்கள். அதுவரை பொறுக்க நானாவால் ஏலாது. முதல் கிழமை முடிவில் செருப்பைக் கழற்றி, பிஸ்மி சொல்லி, தராசில் ஏறினார்.

"நூறுங்க தம்பி," என்றார் தராசு அண்ணன்.

"நூறா? நூத்தி நாலு இல்லயா?"

"நீங்களே பாருங்க. சரியா நூறு."

ஒரே கிழமையில் நாலு கிலோ! நானா தராசு அண்ணனைக் கட்டிப்பிடித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகை முடிந்து நேராக அங்கேதான். தொண்ணூற்றேழு. தொண்ணூற்று நாலு. தராசு அண்ணனுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. தூரத்தில் நானாவைக் கண்டாலே ஒரு துணியால் தராசைத் துடைத்து வைப்பார். "ஏறுங்க ராசா, ஏறுங்க. இன்னைக்கு என்ன கொண்டாந்திருக்கீங்கன்னு பாப்போம்."

மூன்றாம் மாதம், டொக்டரைப் பார்க்கிற நாளுக்கு மூன்று நாள் முந்திய வெள்ளிக்கிழமை, முள் தொண்ணூறில் நின்றது.

நானா பஸ் நிலையத்தின் நடுவில் நின்று "அல்லாஹு அக்பர்" என்று கத்தியதில் ஒரு பஸ் ரிவேர்ஸ் எடுப்பதை நிறுத்தியது. அன்று மாலை அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. நேராக அந்தப் பிழைத் தாள ஹோட்டலுக்குப் போனார். கொத்துப் போடுகிறவனை ஒதுக்கிவிட்டுத் தகட்டைக் கையில் எடுத்தார். சந்தை நாட்டாமிமார் நாலு பேருக்கும் தன் கையால் கொத்துப் போட்டார். மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு பிளேட் தானும் சாப்பிட்டார். சாப்பிடும்போது அழுதார். கொச்சிக்காய் உறைப்பு என்றார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரித் தராசில் ஏறினார். டொக்டர் முள்ளைப் பார்த்தார், கண்ணாடியைச் சரிசெய்து மறுபடி பார்த்தார்.

"நல்லாக் குறைச்சிருக்கிறீங்கள் தம்பி. பத்துக் கிலோ. ஆனா இன்னும் நாலு கிடக்கு. தொண்ணூற்று நாலு."

நானா இறங்கவில்லை. தராசிலேயே நின்றார். "ஏலாது டொக்டர். வெள்ளிக்கிழமை தொண்ணூறு."

உம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "கொத்து! அந்தக் கொத்துதான்! ஒரு பிளேட்ல நாலு கிலோ ஏத்திட்டு வந்து நிக்கிறான் பாருங்க!"

நானா அதை நம்பிவிட்டார். பத்து வருஷம் கொத்துப் போட்ட மனிதருக்கு அன்றுதான் தான் ஊருக்குக் கொடுத்தது என்னவென்று தெரிந்த மாதிரி முகம். ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நின்று, "யா அல்லாஹ், புத்தளம் முழுக்கக் கொன்னுருக்கேனே," என்றார். 

சிரிக்கிற நேரமாக அது இருக்கவில்லை. என் கை நரம்பு அன்றைக்கே அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் போட்டார்கள். இன்னும் மூன்று கிழமை தருகிறேன், அதற்குள் வராவிட்டால் வேறு வழி யோசிக்க வேண்டும் என்றார் டொக்டர். வேறு வழி என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. நானா என் கழுத்தைப் பார்த்தார். ஒரு பகிடியும் விடவில்லை. வெளியே போனார். அன்று வாவியை ஐந்து தடவை சுற்றியதாக உம்மா பிறகு சொன்னார். வாயால் கொத்துப் போடாமல்.

மறுநாள் காலை, கொத்து இறங்கியதா என்று பார்க்க நானா தராசு அண்ணனிடம் போனார். நானும் உம்மாவும் பின்னால் வந்தோம். ஏறினார். முள் போய் நின்றது தொண்ணூறில்.

நானா முள்ளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தராசு அண்ணனைப் பார்த்தார்.

"அண்ணன். நேத்து ஆஸ்பத்திரில தொண்ணூத்தி நாலு. இண்டைக்கு இஞ்ச தொண்ணூறு. ஆரு பொய் சொல்ற? ஆஸ்பத்திரியா, நீங்களா?"

தராசு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு துணியால் தராசைத் துடைக்கத் தொடங்கினார்.

"சொல்லுங்க அண்ணன்."

"நாலு கிலோ கொறைச்சுத்தான் தம்பி வச்சிருக்கேன்." தராசின் ஓரத்தில் இருந்த சின்னச் சக்கரத்தைக் காட்டினார். "எல்லாருக்கும்தான். ஏறுறவங்க எறங்கும்போது சந்தோஷமா எறங்கணும். உள்ளத உள்ளபடி காட்டுனா அடுத்த வாட்டி வரமாட்டாங்க. கொறைச்சுக் காட்டுனா நாலு பேரக் கூட்டிக்கிட்டு வருவாங்க. பதினஞ்சு வருஷமா இப்படித்தான். யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லீங்க."

நானாவின் கை உயர்ந்ததை நான் பார்த்தேன். கொத்துத் தகடு பிடிக்கிற கை. ஆனால் அது என் பக்கம் திரும்பி, என் கழுத்துக் குழாயைக் காட்டியது.

"இவ என்ட தங்கச்சி. இவளுக்குக் கிட்னி குடுக்கத்தான் நான் குறைக்கிறேன். ஒங்கட முள்ள நம்பித்தான் மூணு மாசம் நடந்தேன்."

தராசு அண்ணன் என்னைப் பார்த்தார். தராசைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். நானா பக்கத்தில் குந்தினார். தராசை அவர் மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். கடைசியில், "சரி அண்ணன், அழாதீங்க. கொத்து மேல இருந்த பழி போயிட்டுது. அதுவே பெரிசு," என்றார். "சக்கரத்தச் சரியா வைங்க. வெள்ளிக்கிழமை வாறேன். மூணு கிழமையில இறங்கிக் காட்டுறேன்."

வெள்ளிக்கிழமை வந்தார். தொண்ணூற்று ஆறு.

"கூடிட்டுதா! எப்பிடிக் கூடும்?"

"சக்கரத்த மாத்திட்டேங்க தம்பி. இனி கொறைச்சுக் காட்டவே காட்டாது," என்றார் தராசு அண்ணன், மிகவும் உறுதியாக.

நானா பேய் பிடித்தவர் மாதிரி ஆனார். நூற்றி இருபத்தெட்டுப் படியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. மேல் வீடு, கீழ் வீடு எல்லோருடைய தண்ணீர் வாளியும், காஸ் சிலிண்டரும் அவர் தோளில்தான். சந்தை நாட்டாமிமார் அவருக்கென்று கரட் மூட்டை ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார்கள். தேத்தண்ணியோடு பனிஸ் நீட்டியவனை மூத்தவர் அடிக்கப் போனார். "கிட்னிக்காரன்டா, திங்கக் குடுக்காத!" இரண்டாம் வெள்ளி தொண்ணூற்று மூன்று. கடைசி வெள்ளி தொண்ணூற்று ஒன்று. தொண்ணூறுக்கு இன்னும் ஒரு கிலோ இறங்க வேண்டும். அடுத்த நாள் டொக்டரைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காலை நானா ஸலூனுக்குப் போய்த் தலையை மொட்டை அடித்துக்கொண்டு வந்தார். உம்மா கத்தியே விட்டார்.

"முடியில ஒரு கிலோ இருக்குமாடா?"

"எனக்குத் தெரியாது உம்மா. இருந்தாலும் இருக்கும். ஏன் விடணும்?"

ஆஸ்பத்திரியில் பேர்ஸை வெளியே எடுத்தார், மணிக்கூட்டைக் கழற்றினார், பைக்குள் இருந்த சில்லறையை உம்மாவின் கையில் கொட்டினார். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டுத் தராசில் ஏறினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி, மூச்சு விடுங்கோ," என்றார் டொக்டர். "எண்பத்தெட்டு."

நானா கண்ணைத் திறக்கவில்லை. "டொக்டர், ஒங்கட தராசுல பக்கத்தில ஒரு சக்கரம் இருக்கா? அத ஒருக்காப் பாருங்க."

டொக்டர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான்.

குட்ஷெட்டுக்குப் போனோம். தராசு அண்ணன் எங்களைக் கண்டதும் தராசைத் தூக்கிக்கொண்டு எழும்பப் பார்த்தார். கால் சரியில்லாததால் முடியவில்லை. "கோவிச்சுக்காதீங்க தம்பி. இந்த வாட்டி மூணு கிலோ கூட்டி வச்சிட்டேன். ஒங்களுக்கு மட்டும்தான். நீங்க போனதும் பழையபடி மாத்திருவேன்."

"அடக் கள்ளா!" என்று நானா மொட்டைத் தலையால் அவர் நெற்றியில் முட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பக்கத்தில் கச்சான் கடலை விற்றவர் விழித்துப் பார்த்தார்.

ஒப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாள், நானா சேலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு, டக்கட டக் என்று மெதுவாகக் கொத்துப் போட்டபடி, என் வார்ட் வாசல் வரை நடந்து வந்தார். உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக்கு அப்பால் நின்றார். டொக்டரிடம், "ஒரு கிட்னி என்ன வெயிட் வரும்?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"ஒரு நூற்றைம்பது கிராம் வரும். ஏன்?"

"அப்ப நான் இன்னும் நூத்தம்பது கிராம் குறைஞ்சிட்டேன். இவ கூடிட்டா." கண்ணாடியில் தட்டினார். "புள்ள, வெயிட் கூடிட்டுது ஒனக்கு. நாளையில இருந்து நட!"

இரண்டு வருஷம் நானா அதே எண்பத்தெட்டோடு கொத்துப் போட்டார். தாச்சிக்கு முன்னால் நிற்கும்போது காலையும் ஆட்டிக்கொண்டே நின்றார். போன மழைக்கு ஊரில் டெங்கு வந்தது. கண்டி மலையெல்லாம் ஏறி இறங்கிய மனிதரை ஒரு கொசு ஐந்து நாளில் கொண்டுபோனது. இரண்டு கிட்னியும் இருந்திருந்தால் தப்பியிருப்பாரா என்று நான் டொக்டரிடம் போய்க் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. டொக்டர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இல்லை பிள்ளை. அதுக்கும் இதுக்கும் தொடர்பில்லை. இதைத் தூக்கிக்கொண்டு திரியாதையும்." பகலில் நம்புகிறேன்.

மையத்தை அடக்குகிற மையவாடிக்கு எங்கள் பெண்கள் போவதில்லை. நானாவை எங்கே வைத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. அதனால் கிளினிக் நாளில் கண்டி வாவிக்குப் போகிறேன். ஒரு சுற்று. மரத்துக்குக் கீழே ஓடுகிறேன். புளியங்கொட்டையை நானே வைக்கிறேன்.

போன மாதம் குட்ஷெட்டுக்கும் போனேன். தராசு அண்ணன் அதே இடத்தில் இருந்தார். என்னை அடையாளம் கண்டு, என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"நானா எங்கம்மா? வரலியா?"

சொன்னேன். அவர் துணியை எடுத்துத் தராசைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"ஏறும்மா," என்றார் கடைசியில்.

செருப்பைக் கழற்றி, பிஸ்மி சொல்லி ஏறினேன். பழைய பழக்கத்தில் அவர் கை ஓரத்துச் சக்கரத்துக்குப் போனது.

"குறைக்காதீங்க அண்ணன்," என்றேன். "அதுல நூத்தம்பது கிராம் எங்கட நானா."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

இதை வாசிக்கிற எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். துஆ தெரிந்தவர்கள் எங்கள் கொத்து நானாவுக்காக ஒரு துஆ செய்யுங்கள். தெரியாதவர்கள் உங்களுக்குத் தெரிந்த விதத்தில் கேளுங்கள். அவரை அடக்கிய கப்றை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும். நானா நிறைய நடக்கிற ஆள்.